நாலடித் தூண், அரை முட்டை

மெரினா கடற்கரைச் சாலையில் ராணி மேரிக் கல்லூரியைத் தாண்டிக் கலங்கரை விளக்கம் நோக்கிப் போனால், வலப்பக்கம் கடலைப் பார்த்தபடி வெள்ளை வெளேரென்று தூண்களோடு ஒரு கட்டடம் வரும். தமிழ்நாடு காவல்துறைத் தலைமையகம். டி.ஜி.பி. ஆபீஸ் என்று சொன்னால் எந்த ஆட்டோக்காரரும் கொண்டுபோய் விடுவார். பள்ளிக்கூட நாளிலிருந்து பார்த்துவந்த அந்தக் கட்டடம் போலீசுக்காகக் கட்டியதே இல்லை என்பது எனக்கு நாற்பது வயதைத் தாண்டித்தான் தெரிந்தது.

கட்டியவர்கள் ஃப்ரீமேசன்கள். ஆண்டு 1839. ‘லாட்ஜ் ஆஃப் பெர்ஃபெக்ட் யுனானிமிட்டி’ என்று 1786இல் சென்னையில் தொடங்கிய சங்கம், தன் கூட்டங்களுக்காக எழுப்பிய மாளிகை அது. லாட்ஜ் என்றதும் நமக்கு ரூம் போடுகிற இடம்தான் நினைவுக்கு வரும். இது வேறு. ஐரோப்பாவில் பெரிய தேவாலயங்களைக் கட்டிய கல்தச்சர்கள், வேலை நடக்கும் இடத்தை ஒட்டிப் போட்டுக்கொண்ட கொட்டகைக்கு லாட்ஜ் என்று பெயர். கருவி வைக்க, சாப்பிட, மழைக்கு ஒதுங்க. பின்னால் அந்தக் கொட்டகையின் பெயரையும், கொத்தனாரின் மூலைமட்டம், கவராயம், தூக்குக்குண்டு எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு, கரண்டி பிடித்தே அறியாத கனவான்கள் ஒரு சகோதரச் சங்கம் நடத்த ஆரம்பித்தார்கள். லண்டனில் 1717இல் அதற்கு ஒரு தலைமைச் சங்கம் அமைந்தது. வியாபாரிகளோடும் பட்டாளத்தோடும் கப்பலேறி அது சென்னைக்கும் வந்தது.

எனக்குச் சங்கத்தின் ரகசியங்களில் பெரிய ஆர்வம் இல்லை. தூணில்தான் ஆர்வம். நடைபாதையில் நின்று பார்க்கும்போது கல் தூண் போலத்தான் இருக்கிறது. ஆனால் அந்தக் காலத்துச் சென்னைக் கட்டடங்களில் பெரும்பாலான வெள்ளைத் தூண்கள் கல்லே இல்லை. உள்ளே செங்கல், மேலே கிளிஞ்சல் சுண்ணாம்புச் சாந்து. ‘மெட்ராஸ் சுண்ணாம்பு’ என்று வெள்ளைக்காரர்கள் வாயைப் பிளந்த பூச்சு. 1780களில் இங்கே வந்திறங்கிய ஓவியர் வில்லியம் ஹாட்ஜஸ், கடலிலிருந்து பார்த்தால் ஊரே பளிங்கால் கட்டியதுபோல் மின்னுகிறது என்ற பொருளில் எழுதி வைத்திருக்கிறார். செங்கல்லைப் பளிங்காக்கும் அந்த வேலையை என் கையால் ஒரு தடவை செய்துபார்த்துவிட வேண்டும், அதுவும் ஒரு லாட்ஜ் தூணாகவே செய்ய வேண்டும் என்று தோன்றிவிட்டது. மொட்டை மாடியில், நாலடி உயரத்தில்.

இது அந்தக் கட்டடத்துத் தூணின் அச்சு நகல் அல்ல. காவல்துறை வளாகத்துக்குள் டேப்பை நீட்டிக்கொண்டு போக முடியாது, போகவும் இல்லை. டோரிக் என்ற பழைய கிரேக்க, ரோமானியத் தூண் பாணியின் புத்தக அளவைத்தான் எடுத்தேன். அதற்கு ஒரு காரணமும் உண்டு. லாட்ஜில் மூன்று தூண்களுக்கு மூன்று பொருள் சொல்வார்கள்: அயோனிக் அறிவுக்கு, டோரிக் வலிமைக்கு, கொரிந்தியன் அழகுக்கு. அயோனிக்கின் சுருளும் கொரிந்தியனின் இலையும் என் கைக்கு அடங்காது. ஆக, வலிமை.

தை: நீற்றுதல்

கிளிஞ்சல் சுண்ணாம்பு இப்போது கடைக்குக் கடை கிடைப்பதில்லை. ஒரு காலத்தில் பழவேற்காடு ஏரிப் பக்கமிருந்து கிளிஞ்சல் படகு படகாக வந்து, காளவாயில் வெந்து, ஊரெல்லாம் போனது. நான் விசாரித்து அலைந்து பத்துக் கிலோ சுடுசுண்ணாம்பு வாங்கினேன். கிளிஞ்சலின் வடிவம் அப்படியே இருந்தது, தொட்டால் உதிர்கிறது, எடையே இல்லை.

முதல் தவறு முதல் நாளே. பெயின்ட் வாளி ஒன்றில் சுண்ணாம்பைக் கொட்டித் தண்ணீர் விட்டேன். அரை நிமிடம் ஒன்றுமில்லை. பிறகு உஸ் என்று சத்தம், ஆவி, கொதி. சோறு பொங்குவதுபோல் பொங்கி, வாளியின் ஒரு பக்கம் இளகி வெளியே பிதுங்கிவிட்டது. வாளிக்குள் கொதிநீருக்கு மேலான சூடு. கண்ணாடி போட்டிருந்தேன், கையில் ரப்பர் உறை இருந்தது, அதனால் தப்பித்தேன். இதைச் செய்துபார்க்க நினைப்பவர்கள் ஒன்றை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்: இரும்புத் தொட்டி, கண்ணுக்குக் கண்ணாடி, சுண்ணாம்பைத் தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுவது. மாற்றிச் செய்யக் கூடாது. குழந்தைகளை மாடிப்படியிலேயே நிறுத்திவிட வேண்டும்.

ஆறியதும் கலக்கி, துணியில் வடிகட்டி, மேலே நாலு விரற்கடைத் தண்ணீர் நிற்க மூடிவைத்தேன். இரண்டு மாதம். நாள் ஆக ஆகச் சுண்ணாம்பு வெண்ணெய் மாதிரி வழுவழுப்பாகிறது. வடிகட்டும்போது துணியில் நின்ற நீறாத கட்டிகளைத் தூர எறிந்திருக்க வேண்டும். “முதல் பூச்சுக்குத்தானே” என்று தனியாக ஒரு டப்பாவில் எடுத்துவைத்தேன். அதன் பலனைப் பிறகு சொல்கிறேன்.

அந்த இரண்டு மாதமும் படிப்பதில் போனது. லாட்ஜ் அறை எப்படி இருக்கும் என்று வரைந்து பார்த்தேன். நீள்சதுர அறை. நடுத்தரையில் சதுரங்கப் பலகை போலக் கறுப்பும் வெள்ளையும். தலைவரின் நாற்காலி கிழக்கில், முதல் துணைவர் மேற்கில், இரண்டாம் துணைவர் தெற்கில். வடக்கில் அந்த மாதிரி நாற்காலி கிடையாது, அது இருட்டின் திசை என்பது அவர்கள் கணக்கு. தெற்கில் எமனை வைத்து, வடக்கில் குபேரனை வைத்த நாம் இதைக் கேட்டால் சிரிப்போம். தலைவர் கழுத்தில் தொங்கும் பதக்கம் மூலைமட்டம், முதல் துணைவருக்கு ரசமட்டம், இரண்டாமவருக்குத் தூக்குக்குண்டு. சாலொமோன் கட்டிய ஆலயத்தின் மண்டபத்தில் நிறுத்தியதாகப் பைபிள் சொல்லும் யாகீன், போவாஸ் என்ற இரண்டு தூண்களும் இவர்களுக்கு முக்கியம். அவை வெண்கலம். சென்னைக்காரர்களுக்குச் சுண்ணாம்பு.

கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே என்னவோ செய்கிறார்கள் என்றால் வெளியே கதை முளைக்காமல் இருக்குமா? வடக்கே லாட்ஜுக்கு ‘ஜாதூ கர்’ என்று பெயர், மந்திர வீடு. நம் பக்கம் இன்னும் ஒரு படி மேலே போய் ‘தலைவெட்டிக் கோயில்’ என்றார்கள். ஆனால் நம்மவர்கள் வாசலோடு நின்றுவிடவும் இல்லை. ஆற்காடு நவாப்பின் மகன் உம்தத்-உல்-உம்ரா 1770களிலேயே திருச்சியில் சங்கத்தில் சேர்ந்தார். பின்னால் அவரே நவாப்பும் ஆனார்.

பங்குனி: செங்கல்லும் வளைவும்

நாற்பது வருடம் கரண்டி பிடித்த மேஸ்திரி ஒருவர் எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் இருக்கிறார். கூலி பேசிக் கூப்பிட்டேன். “தூண் எதைத் தாங்கப் போவுது சார்?” என்று கேட்டார். ஒன்றையும் தாங்காது என்றேன். கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். “சரி, அப்ப பயமில்ல” என்று சொல்லிவிட்டு வேட்டியை மடித்துக் கட்டினார்.

அளவு இதுதான். அடிவிட்டம் 6 அங்குலம். டோரிக் தூணின் உயரம் விட்டத்தைப்போல் எட்டு மடங்கு, ஆக 48 அங்குலம். அதில் அடிப்பீடம் 3, தலைப்பு 3, மீதி 42 அங்குலம் தண்டு. தண்டின் மேல்விட்டம் 5 அங்குலம். ஆனால் ஆறிலிருந்து ஐந்துக்கு நேர்கோட்டில் குறைத்தால் தூண் இடுப்பு ஒடுங்கியதுபோல் கண்ணுக்குத் தெரியும். அதற்காக ஒரு மெல்லிய வயிறு கொடுப்பார்கள். கீழ் மூன்றில் ஒரு பங்கு நேராகவே போகும், அதற்கு மேல்தான் வளைவு. கவராயத்தால் ஓர் அரைவட்டம் போட்டு, வில்லை நாலாகப் பிரித்து, அந்தப் புள்ளிகளை உயரத்தில் ஏற்றி வரைகிற பழைய முறை ஒன்று இருக்கிறது. எனக்கு வந்த கணக்கு: 14 அங்குலம் வரை மாற்றமில்லை. பிறகு ஒவ்வொரு 7 அங்குலம் ஏறும்போதும் ஆரத்தில் அதுவரை மொத்தம் குறைந்திருக்க வேண்டியது 0.8, 3.2, 7.2, 12.7 மில்லிமீட்டர்.

முதல் ஏழு அங்குலத்தில் 0.8 மில்லிமீட்டர்! ஒரு மில்லிமீட்டர்கூட வராது. இதற்கா இவ்வளவு பாடு என்று மேஸ்திரியிடம் காகிதத்தைக் காட்டினேன். அவர் அதைப் பார்க்கவே இல்லை. என் ஒட்டுப்பலகையை வாங்கி, வெட்டியிருந்த விளிம்பில் கட்டைவிரலை ஓட்டிவிட்டு, “இங்க ஒரு இடத்துல தட்டுது” என்றார். அளந்தேன். மூன்றாவது புள்ளியில் அரை மில்லிமீட்டர் மேடு. உப்புத்தாளால் தேய்த்துக் கொடுத்த பிறகுதான் கையை எடுத்தார்.

வேலை செய்யும் விதம் எளிது. தூணின் அடியில் 6 அங்குல மரவட்டு, மேலே 5 அங்குல மரவட்டு. இரண்டின் விளிம்பிலும் படுமாறு அந்த வளைவுப் பலகையை நிறுத்திச் சுற்றி வந்தால், அதிகச் சாந்து வழிந்து விழும், மிச்சம் தூணாக நிற்கும். பலகையின் விளிம்பில் துத்தநாகத் தகடு அடித்தேன், இல்லாவிட்டால் மரம் தேய்ந்துவிடும்.

உள்கூடு அரைச்செங்கல். நாலரை அங்குலச் சதுரம், நாலு மூலையையும் சுத்தியால் கொத்தி வட்டமாக்கியது. பன்னிரண்டு வரி. மேஸ்திரி வரிக்கு வரி தூக்குக்குண்டு விட்டு நாலு பக்கமும் பார்த்தார். இரண்டாம் துணைவரின் பதக்கம் என்று நான் படித்தது இங்கே ஒரு ஈயக்குண்டும் அழுக்கு நூலுமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. அவரிடம் ஒரு பழைய மடக்குக் கோலும் உண்டு, இரண்டடி, மரத்தில் செய்தது, எண்கள் பாதி அழிந்துவிட்டன. லாட்ஜில் புதிதாகச் சேர்பவருக்கு முதலில் விளக்கிச் சொல்லும் கருவிகளில் 24 அங்குலக் கோலும் ஒன்று, ஒரு நாளின் 24 மணி நேரத்தைத் தொழுகைக்கு, உழைப்புக்கு, ஓய்வுக்கு என்று பிரித்து வாழ வேண்டும் என்பது அதன் பொருள் என்று சொன்னேன். “நமக்கு எட்டு மணி நேரத்துக்கு மேல நின்னா முட்டி பிடிச்சுக்குது” என்றார்.

உள்கூட்டில் என் இரண்டாவது தவறு வெளிப்பட்டது. அடியில் சாந்துக்கு முக்கால் அங்குலம் இடம் இருந்தது, சரிதான். மேலே விட்டம் ஓர் அங்குலம் குறைகிறது, ஆனால் செங்கல் குறையவில்லையே! அங்கே கால் அங்குலம்தான் மிச்சம். வளைவுப் பலகையைச் சுற்றியதும் தகடு செங்கல்லையே கரகரவென்று உரசியது. காகிதத்தில் வெளிக்கோட்டை மட்டும் வரைந்து உள்ளே என்ன இருக்கும் என்று வரையாத புத்திசாலித்தனம். மேல் எட்டு வரியையும் பிரித்து, ஒவ்வொரு கல்லாக இன்னும் கொத்தி, மூன்றரை அங்குலம் வரை படிப்படியாகச் சிறுத்து மறுபடி அடுக்கினோம். ஒரு நாள் கூலி அதிகம்.

முதல் பூச்சு: நீறிய சுண்ணாம்பு ஒரு பங்கு, சலித்த மணல் இரண்டு பங்கு, வெல்லமும் கடுக்காயும் ஊறிய தண்ணீரில் குழைத்தது. கடுக்காயை உடைத்து மூன்று நாள் ஊறவைத்தால் தண்ணீர் டீ டிகாஷன் நிறத்துக்கு வரும், வாடை மட்டும் தாங்காது. வெல்லம் எதற்கு என்றால், சர்க்கரையில் சுண்ணாம்பு கூடுதலாகக் கரையும், சாந்தும் அவசரமாகக் காயாது. இந்தப் பூச்சு 12 மில்லிமீட்டர். தூக்கியெறியாத அந்தக் கட்டிகளை இடித்துப் பொடியாக்கி இதில்தான் சேர்த்தேன்.

ஆறாம் நாள் காலையில் மாடிக்குப் போனால் தூணுக்கு அம்மை போட்டிருந்தது. மிளகு மிளகாகக் கொப்புளம், ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு வெள்ளைப் புள்ளி. உள்ளே போன நீறாத துகள்கள் ஈரத்தைக் குடித்துச் சாவகாசமாக நீறி, உப்பி, மேலே இருந்த சாந்தைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்திருந்தன. மேஸ்திரி திட்டவில்லை. “சுண்ணாம்ப ஏமாத்த முடியாது தம்பி” என்றார். அதுவரை சார் என்றவர் அன்றிலிருந்து தம்பி. முழுக்கச் சுரண்டி எடுத்தோம்.

கடலோரக் கணக்கு

சுரண்டிய தூண் காயும் வரை அந்தக் கட்டடத்தின் கதைக்கு வருகிறேன். 1839இல் அது எழுந்தபோது இன்றைக்கு நாம் பார்க்கும் மெரினா இல்லை. 1870களின் நடுவில் துறைமுகச் சுவர்களைக் கடலுக்குள் நீட்டிக் கட்ட ஆரம்பித்த பிறகுதான் அதற்குத் தெற்கே மணல் ஒதுங்கி ஒதுங்கிக் கடற்கரை அகலமானது. 1880களில் ஆளுநர் கிராண்ட் டஃப் உலாவும் சாலை போட்டு மெரினா என்று பெயர் வைத்தார். லாட்ஜைக் கட்டிய காலத்தில் அலை இன்னும் கிட்டே இருந்திருக்கும். உப்புக்காற்று நேராகத் தூணில் அடித்திருக்கும்.

மேசன்கள் அதில் நெடுங்காலம் நீடிக்கவில்லை. 1859ஆம் ஆண்டுச் சட்டத்தால் சென்னை மாகாணப் போலீஸ் புதிதாக அமைந்தது, வில்லியம் ராபின்சன் அதன் முதல் இன்ஸ்பெக்டர் ஜெனரல். 1865இல் மாதம் 90 ரூபாய் வாடகைக்குப் போலீஸ் உள்ளே வந்தது. 1874இல் 20,000 ரூபாய்க்கு அரசே வாங்கிக்கொண்டது. ரகசியம் காக்கிற கூட்டம் ஒன்று போய், ரகசியம் கண்டுபிடிக்கிற கூட்டம் வந்தது. மேசன்கள் ஊரில் வேறு இடங்களுக்கு மாறினார்கள். இன்று அவர்களின் ஃப்ரீமேசன்ஸ் ஹால் எழும்பூர் எத்திராஜ் சாலையில் இருக்கிறது, 1920களின் கட்டடம். இந்தியாவுக்கென்று தனித் தலைமைச் சங்கம் 1961 நவம்பரில் அமைந்தது.

1990களில் கடற்கரைக் கட்டடத்தை இடித்துவிட்டுப் பல மாடியாக எழுப்பும் பேச்சு வந்தது. எதிர்ப்புக் கிளம்பி, விஷயம் வழக்கு வரை போய், கடைசியில் பழையது நின்றது, பழுதும் பார்க்கப்பட்டது. நல்லவேளை என்பேன். சுண்ணாம்புச் சுவர் மூச்சுவிடும்: ஈரத்தை இழுக்கும், வெயிலில் விட்டுவிடும். அதன்மேல் சிமென்டை அப்பினால் ஈரம் உள்ளேயே மாட்டி, உப்பு அங்கேயே படிகமாகிப் பூச்சைப் பெயர்த்துத் தள்ளும். பழைய வீடுகளில் “போன வருஷம்தான் சார் பூசினோம், அதுக்குள்ள பொரிஞ்சுடுச்சு” என்று காட்டுவார்களே, பல இடங்களில் நடப்பது இதுதான்.

சித்திரை: இரண்டாவது முயற்சி, கிரைண்டர், முட்டை

இந்தத் தடவை சுண்ணாம்பை இரண்டு முறை வடிகட்டினேன். முதல் பூச்சு போட்டுப் பத்து நாள் ஈரச்சாக்கு சுற்றினேன். சித்திரை வெயிலில் காலை, மதியம், மாலை மூன்று வேளையும் சாக்கை நனைக்க வேண்டும். கைக்குழந்தை வளர்த்த ஞாபகம் வந்தது. இரண்டாவது பூச்சு சுண்ணாம்பு மூன்று பங்கு, சன்ன மணல் ஒரு பங்கு, கனம் 5 மில்லிமீட்டர், மணியாஸ் கட்டையால், அதாவது பூச்சைச் சமன்செய்யும் கைப்பலகையால், தேய்த்தது. ஒன்றும் நடக்கவில்லை. ஒன்றும் நடக்காதபோது எழுதவும் ஒன்றுமில்லை.

கடைசிப் பூச்சில்தான் வித்தை. நாலு பங்கு சுண்ணாம்பும் ஒரு பங்கு வெள்ளைக்கல் பொடியும், வெண்ணெயாகும் வரை அரைக்க வேண்டும். அந்தக் காலத்தில் பெண்கள் அம்மியில் அரைத்துக் கொடுத்திருக்கிறார்கள். நான் பரணில் கிடந்த பழைய கிரைண்டரை இறக்கினேன். “அதுல இனிமே இட்லிக்கு அரைக்க முடியாதுன்னு தெரியும்ல?” என்று வீட்டில் ஒரே ஒரு கேள்வி வந்தது. பதில் சொல்லாமல் மாடிக்குத் தூக்கிப் போய்விட்டேன். ஒன்றரை மணி நேரம் ஓடியது. இரண்டு விரலுக்கு நடுவே தேய்த்துப் பார்த்தால் நறநறப்பு துளியும் தெரியக் கூடாது.

இப்போது முட்டை. செட்டிநாட்டு வீடு, சென்னை மாளிகை எதைப் பற்றிப் பேசினாலும் “லட்சக்கணக்கான முட்டை” என்று ஒரு கதை கூடவே வரும். பழைய கட்டுமானக் குறிப்புகள் சொல்வது ஒரு பறைச் சாந்துக்குப் பத்துப் பன்னிரண்டு முட்டையின் வெள்ளைக்கரு, கூடவே கொஞ்சம் தயிர், கொஞ்சம் நெய், மாக்கல் பொடி. பறை என்பது அறுபது லிட்டருக்கும் மேல். எனக்கு வேண்டியதோ இரண்டு லிட்டர். கணக்குப் போட்டால் நாலடித் தூணுக்கு அரை முட்டைகூடச் சரியாக வரவில்லை! மேஸ்திரி கணக்கை ஒப்புக்கொள்ளவில்லை. “அரை முட்டைய எப்படி உடைப்ப? ஒண்ணு ஊத்து” என்றார். ஒன்றை ஊற்றினோம். இரண்டு கரண்டித் தயிர், ஒரு ஸ்பூன் நெய். நெய் சுண்ணாம்போடு சேர்ந்து ஒருவகைச் சோப்பாக மாறித் தண்ணீரை ஒட்டவிடாமல் செய்கிறது. ஆக, பளபளப்புக்கு முட்டை மட்டும் காரணமில்லை. அரைப்பும் தேய்ப்பும்தான் முக்கால் பங்கு. முட்டைக்குத்தான் பெயர்.

பூசியது காலை ஏழு மணிக்கு, 2 மில்லிமீட்டர் கனத்தில், சாதாரணப் பூச்சுக் கரண்டியால். ஒன்பது மணிக்கு மேஸ்திரி புறங்கையை வைத்துப் பார்த்தார். இன்னும் இல்லை. பத்தரைக்கு மறுபடி. ஈரம் தெரிகிறது, ஆனால் கையில் ஒட்டவில்லை. “இப்ப” என்றார். மடியிலிருந்து ஒரு கூழாங்கல்லை எடுத்தார். எலுமிச்சை அளவு, ஒரு பக்கம் தேய்ந்து தேய்ந்து தட்டை. அவருடைய மாமனார் கொடுத்ததாம்.

தேய்ப்பு மேலிருந்து கீழே, சின்னச் சின்ன வட்டமாக, முதலில் மென்மையாக, போகப் போக அழுத்தி. பத்து நிமிடத்தில் மேல்தோல் இறுகி, கல்லுக்கு அடியில் ஒரு சத்தம் வந்தது. சரசரவென்று இருந்தது கீச்சென்று மாறுகிறது. அந்தச் சத்தம் மாறிய இடத்தில்தான் பளபளப்பு ஆரம்பம். நான் தேய்த்த பக்கம் சத்தம் மாறவே இல்லை, நான் அவசரப்பட்டுக் கல்லை நகர்த்திக்கொண்டே இருந்தேன். அவர் என் மணிக்கட்டைப் பிடித்து ஒரே இடத்தில் நிறுத்தினார். இருபது, முப்பது வட்டம். கீச்.

மதியத்துக்கு மேல் தூண் வியர்த்தது. நிஜமாகவே. பளபளத்த மேல்பரப்பில் பொடிப் பொடியாக நீர்த்துளி. இறுகும்போது உள்ளே இருக்கும் தண்ணீர் வெளியே வருகிறது. துடைக்காமல் விட்டால் துளி இருந்த இடம் வட்ட வட்டமாகக் கறையாகிவிடும். மெல்லிய துணியில் மாக்கல் பொடியை முடிந்து ஒற்றி ஒற்றி எடுத்தோம். இரவு பதினொரு மணிக்கு டார்ச்சோடு ஒரு தடவை, விடியற்காலை நாலு மணிக்கு ஒரு தடவை. மூன்றாம் நாள் வியர்வை நின்றது. டார்ச்சைத் தூணின் பக்கவாட்டில் வைத்து அடித்தால் விளக்கின் உருவம் அதில் நீளமாகத் தெரிந்தது.

அடியில் இரண்டடிச் சதுரத்துக்குக் கடப்பைக்கல்லும் வெள்ளை ஓடும் மாற்றி மாற்றிப் பதித்தேன், லாட்ஜ் தரையின் நினைவாக. மூன்றங்குலக் கட்டம், வரிசைக்கு எட்டு, மொத்தம் 64. பதித்து முடித்த பிறகுதான் அது அப்படியே சதுரங்கப் பலகை என்று உறைத்தது. பக்கத்து வீட்டுப் பையன் மறுநாளே காய்களோடு வந்துவிட்டான்.

ஐப்பசிக்கு முன்

ஒரு மாதம் கழித்துத் தூணின் அடியில் ஒரு சாண் உயரத்துக்கு வெள்ளையாகப் பஞ்சு பூத்தது. தொட்டு நாக்கில் வைத்தேன், உப்பு. மெரினாவின் உப்புக்காற்று என் மாடி வரை வருகிறது என்று கொஞ்சம் பெருமையாகக்கூட நினைத்தேன். காற்றில்லை, என் போர் தண்ணீர். மற்ற எல்லாவற்றுக்கும் குடிதண்ணீர் எடுத்தவன், சாக்கு நனைக்க மட்டும் சோம்பல்பட்டு மோட்டாரைப் போட்டிருந்தேன். எங்கள் பகுதியில் போர் தண்ணீரில் குளித்தால் சோப்பு நுரைக்காது, பல் தேய்த்தால் கரிக்கும். பத்து நாள் மூன்று வேளை அதைத்தான் தூணுக்கு ஊட்டியிருக்கிறேன்.

மேஸ்திரி சொன்ன வைத்தியம் கழுவுவது அல்ல. கழுவினால் உப்பு கரைந்து உள்ளேயே திரும்பிப் போகும். முதலில் காய்ந்த பிரஷால் தட்டி எடுக்க வேண்டும். பிறகு பழைய செய்தித்தாளைக் குடிதண்ணீரில் ஊறவைத்துக் கூழாக்கி, அடிப்பகுதியைச் சுற்றி அரை அங்குலம் அப்பி, தானாகக் காயவிட வேண்டும். காயும்போது ஈரத்தோடு உப்பும் காகிதத்துக்குள் ஏறும். உரித்துப் போட்டு மறுபடி. நாலு தடவை செய்தேன். மூன்றாவது தடவை உரித்த காகிதத்தில் உப்பு நன்றாகவே கரித்தது, நாலாவதில் இல்லை. பூத்த இடத்தில் பளபளப்பு போய்விட்டது, அதைத் திரும்பக் கொண்டுவர முடியவில்லை. இப்போது தூண் மேலே பளிங்கு, கீழே ஒரு சாணுக்கு வெறும் சுண்ணாம்பு.

தலைப்புக்குக் கீழே மேற்குப் பக்கம் மயிரிழை போல ஒரு விரிசலும் இருக்கிறது. மாலை வெயில் படும்போது மட்டும் தெரியும். மழைக்கு முன்னால் அடைத்துவிடலாமா என்று கேட்டேன். மேஸ்திரி கட்டைவிரலை அதன்மேல் ஓட்டிப் பார்த்தார். “இந்த மழை பெஞ்சு காயட்டும், அது எவ்ளோ தூரம் போகுதுன்னு பாத்துட்டு தை மாசம் வர்றேன்” என்று சொல்லிவிட்டு, கிளம்பும்போது கூழாங்கல்லை மறக்காமல் கேட்டு வாங்கிக்கொண்டார். தொட்டியில் இன்னும் இரண்டு படிச் சுண்ணாம்பு தண்ணீருக்கு அடியில் இருக்கிறது.